உதவிப் பக்கத்துக்கு வந்த வாசகர்

ஒரு கம்ப்யூட்டருக்குள் உதவிப் பக்கம் ஒன்று குடியிருந்தது. எந்தக் கட்டளையை எப்படி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதை யாரும் கூப்பிட்டதே இல்லை. சொந்தக்காரர் தனபாலன் எதுவானாலும் இன்டர்நெட்டில்தான் தேடுவார்.

ஒருநாள் இன்டர்நெட் படுத்துவிட்டது. பழைய ஃபைல்களை அழிக்கும் கட்டளை அவருக்கு மறந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் கறுப்புத் திரையில் உதவி கேட்டு அடித்தார். உதவிப் பக்கம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து திரை நிறைய நின்றது.

அத்தனை எழுத்தைப் பார்த்ததும் தனபாலனுக்குக் கண்ணைக் கட்டியது. திரும்பிவிடலாம் என்று எஸ்கேப் கீயைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. என்டரைத் தட்டினார். பக்கம் ஒரு வரி நகர்ந்ததே தவிர, போகவில்லை.

"பாத்தியா, என்னை விட்டுப் போக அவருக்கு மனசே வரல!" என்று ஓரத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருந்த கர்சரிடம் பூரித்தது உதவிப் பக்கம்.

"மனசு வராம இல்ல, போகத் தெரியல" என்றது கர்சர்.

தனபாலன் நண்பனுக்குப் போன் போட்டார். "உள்ளே போயிட்டேன்டா, வெளியே வரத் தெரியல."

"திரைக்கு அடியில என்ன போட்டிருக்குன்னு படிடா."

"வெளியேற 'கியூ' எழுத்தைத் தட்டவும்" என்று வாய்விட்டுப் படித்தார். தட்டினார். திரை காலியானது.

கர்சர் மெல்லத் துக்கம் விசாரித்தது.

"துக்கமா? சும்மா இரு!" என்றது உதவிப் பக்கம். "முழுசா ஒரு வரி படிச்சிட்டாரு!"