கதவு பார்த்த கை

"கை சுத்தமாக இல்லை. தயவுசெய்து மறுபடி கழுவுங்கள்" என்றது ஆஸ்பத்திரிக் கழிப்பறையின் கதவு.

சிந்தாமணி மறுபடியும் சோப்பு போட்டாள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வருஷக்கணக்காகக் கிழங்கு பொறுக்குகிற கை அது. ரேகைக்குள் ஏறிய மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனால் இங்கே கதவு தன் கேமராவில் கையைப் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே விடும். மாடியில் பிள்ளை பெற்ற தங்கை தமயந்தி காத்திருக்கிறாள்.

"இது அழுக்கில்ல சாமி, மஞ்சளு!" என்று கதவிடமே சொல்லிப் பார்த்தாள்.

"கை சுத்தமாக இல்லை."

பக்கத்தில் ஒரு பட்டுச்சேலை அம்மாள் விரல் நுனியை மட்டும் நனைத்துக் கையை நீட்டினாள். "நன்றி" என்று கதவு திறந்தது.

"ஏனுங்க, நீங்க சோப்பே போடலீங்களே?"

"அதுக்கே தொறந்துருச்சுல்ல? மூடறதுக்குள்ள கூடவே வாங்க."

திருடியைப் போல அவள் பின்னால் நழுவி, சிந்தாமணி மாடி ஏறினாள்.

"வாக்கா! புள்ளையத் தூக்கு. மூக்கப் பாரு, அப்படியே உன்னையாட்ட."

சிந்தாமணி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேண்டாங் கண்ணு, நீயே வெச்சிரு."

"ஏங்க்கா?"

"கையில என்னமோ இருக்குதாமா. எத்தன கழுவியும் கதவு விடமாட்டேனுருச்சு."

தமயந்தி சிரித்துவிட்டாள். "அட, அது மஞ்சளுக்கா!"

சிந்தாமணி ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மஞ்சளுன்னுதான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்."