உயிரை மட்டும் தொடாதே

"கட்! அண்ணே, கடவுள் கெஞ்சக் கூடாது. அதிகாரமா வேணும். இடி மாதிரி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் அம்மா சொன்னது ஹெட்போனில் வந்து விழுந்தது.

குரல் கொடுப்பவர் தலையாட்டவில்லை. வருஷக்கணக்காக சினிமா வில்லன்களுக்கு உறுமியவர். வேதாகமத்தை ஒலிநாடகமாகப் பதிவு செய்கிறோம் என்று கூப்பிட்டு, கடவுள் வேஷத்தைக் கொடுத்திருந்தார்கள். பெரிய பிரமோஷன்தான் என்று சவுண்ட் எஞ்சினியர்கூடக் கலாய்த்தார்.

இன்றைக்குச் சிக்கல் ஒரே ஒரு வரியில்.

ஒரு பாவமும் அறியாத நல்லவன். அவன் உடம்பில் கைவைக்க சாத்தான் அனுமதி கேட்கிறான். கடவுள் கொடுக்கிறார்.

‘இதோ, அவன் உன் கையில். உயிரை மட்டும் தொடாதே.’

இடியாக ஏற்கெனவே பேசிக் கொடுத்தாயிற்று. எல்லாருக்கும் பிடித்திருந்தது. அவருக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது. இன்னொரு தடவை என்று தானாகக் கேட்டு, குரலை இறக்கிப் பேசினார். அதற்குத்தான் இந்தக் கட்.

"இந்த வரியே வம்புண்ணே. பேசாம தூக்கிடலாமா? சாத்தானே போய்ப் பண்ணின மாதிரி வச்சுக்கலாம். கடவுளா கஷ்டத்தைக் கொடுத்தார்னு போன் போட்டுத் திட்டுவாங்க."

"தூக்காதீங்கம்மா. அனுமதி கொடுத்தது அவர்தான். அதைப் பூசி மெழுகினா அந்த நல்லவன் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை? ஏன் கொடுத்தார்னு எனக்குத் தெரியாது. ஆனா கல்லு மாதிரி நின்னு கொடுத்தார்னு மட்டும் என்னால பேச முடியாது."

"அவர் மனசு வலிச்சுதுன்னு எங்கண்ணே எழுதியிருக்கு?"

"எழுதலை. அதுக்குத்தானே குரல் கேக்குறீங்க."

எஞ்சினியர் சிரித்துவிட்டார். இயக்குநர் அம்மா சிரிக்கவில்லை.

"சரி, கடைசியா ஒண்ணு. சரியா வரலைன்னா இடியைத்தான் போடுவேன்."

அவர் மைக்குக்கு இன்னும் கிட்டே போனார். கண்ணை மூடவில்லை.

‘இதோ, அவன் உன் கையில்’ என்பது திடமாக வந்தது. அப்புறம் ஒரு மூச்சு நின்றது. ‘உயிரை மட்டும்’ என்பதை அவர் உத்தரவாகச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை.

யாரும் கட் சொல்லவில்லை. டேப் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தக் குரலை எங்கண்ணே பிடிச்சீங்க?" என்றார் இயக்குநர் அம்மா.

அவர் ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அந்த வரியை அவர் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு. இனி உங்க கையிலதான், காலை எடுத்துக்குங்க, உயிரை மட்டும் விட்டுடுங்க என்று. அது வேதத்தில் இருக்கிற வரி என்று அப்போது ஞாபகமே வரவில்லை.

மயக்கம் தெளிந்த மகள் போர்வைக்கு அடியில் தடவிப் பார்த்தாள். யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்தான்மா என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடித்திருந்த அவர் கையை மட்டும் அவள் விடவில்லை.