சுருட்டைக்குப் போன ஓட்டு

"அவனைப் பாத்துச் சிரிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

எம்.எல்.ஏ. சோபாவில் சாய்ந்தபடி கேட்டார். அவர் மனைவி காதில் வாங்காதவள்போல, பிரிக்காமலே கிடந்த இனிப்புப் பெட்டிகளை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். வெற்றிச் செய்தி வந்ததும் கொடுப்பதற்கென்று வாங்கி வைத்தவை.

எம்.எல்.ஏ. என்பதுகூட இனி மரியாதைக்குத்தான். நேற்று மாலையோடு மனிதர் 'முன்னாள்' ஆகிவிட்டார்.

அதற்கு முன் நாலு தேர்தலில் நின்று நாலிலும் ஜெயித்தவர். முதல் தடவை தெருத்தெருவாக நடந்து செருப்புத் தேய ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். அடுத்த தடவை கட்சியே மண்ணைக் கவ்வியபோதும் இவர் மட்டும் தப்பித்துக் கரையேறினார். மூன்றாவதில் எதிர்த்து நின்ற அத்தனை பேருக்கும் டெபாசிட் காலி. நாலாவதில் படுத்துக்கொண்டே ஜெயித்ததாக மேடைக்கு மேடை அவரே பீற்றிக்கொண்டார்.

பீற்றியது மேலிடத்தின் காதுக்கும் போயிருக்க வேண்டும். இந்தத் தடவை கட்சி அவரைக் கழற்றிவிட்டு சுருட்டைக்கு சீட் கொடுத்தது. கோபத்தில் எதிர்க்கட்சிக்குத் தாவி, அங்கே சீட் வாங்கி, அதே தொகுதியில் நின்றார். தோற்றது ஒரே ஒரு ஓட்டில். சண்டை போட்டுத் திரும்ப எண்ண வைத்தும் அதே ஒரு ஓட்டுதான்.

சுருட்டை என்பது எதிரியின் தலைமுடியை வைத்து இவர் சூட்டிய பெயர். இவருக்குக் கல்யாணமான வருஷமே முன்வழுக்கை விழுந்துவிட்டது. போதாததற்கு, சுருட்டையும் இவர் மனைவியும் ஒரே காலேஜ். ஆண்டுவிழா நாடகத்தில் அவன் ராஜா, இவள் ராணி. அந்த ஃபோட்டோவை இவர் எப்போதோ அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாலும் மனசை விட்டுத் தள்ள முடியவில்லை.

"வாக்குச்சாவடி வாசல்ல 'நல்லா இருக்கியாம்மா'ன்னு கேட்டார். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா வர முடியும்?" என்றாள் மனைவி.

"கேட்டா'ர்'! அதுல ஒரு 'ர்' வேற!"

மூலையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, தோத்தது நீங்க. அக்காவை எதுக்குப் போட்டு வாட்டுறீங்க?"

"நீ சும்மா இருடா. ஆயிரம் ஓட்டுல தோத்தா கட்சியைத் திட்டலாம். நூறு ஓட்டுல தோத்தா ஊரைத் திட்டலாம். ஒரு ஓட்டுல தோத்தா வீட்டுக்குள்ளதான்டா தேடணும்!"

பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "எனக்கு அடுத்து உள்ள போன. நான் வெளிய வந்து ஒரு காப்பியே குடிச்சு முடிச்சுட்டேன், உன்னைக் காணோம். தடுப்புக்குப் பின்னால அவ்வளவு நேரம் என்ன யோசனை? ராஜா ஞாபகத்துக்கு வந்துட்டாரோ?"

"கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். ஒவ்வொரு சின்னமா உத்துப் பாத்துத் தேட வேண்டாமா?"

"தேடி? யாருக்குப் போட்ட?"

"ஓட்டு ரகசியம்னு மேடையில முழங்குறது நீங்கதானே?"

"புருஷன்கிட்ட என்னடி ரகசியம்?" கத்தியவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான். என் சீட்டை எடுத்துக்கிட்டான். என் குடை சின்னத்தை எடுத்துக்கிட்டான். என்னோட சுத்தினவன்லாம் இப்ப அவன் கார் பின்னாடி ஓடறான். போகட்டும். நீயுமா?"

தோற்றதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். இவள் கை அவன் சின்னத்தை அமுக்கியிருக்குமோ என்ற நினைப்புதான் நேற்றிலிருந்து அவரைச் சோறு தண்ணி இறங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அது மனைவிக்கும் இப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் பாவமாக இல்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி, கடைசியில என்னை நம்பலை. அப்படித்தானே?" படுக்கையறைக்குள் போய்ப் பெட்டியை இழுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். "நான் என் அக்கா வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. நம்ம பொண்ணு மேல சத்தியமா உங்களுக்குத்தான் போட்டேன். உங்க புதுக் கட்சியோட பூட்டு சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு, அதுலதான் அமுக்கினேன். போதுமா?"

பெண்மேல் அவள் இதுவரை சத்தியம் பண்ணியதே இல்லை. எம்.எல்.ஏ.வின் முகம் இளகிவிட்டது. எழுந்து வந்து பெட்டியைப் பிடுங்கிச் சோபாவுக்குப் பின்னால் வைத்தார்.

"சரி, சரி. வாய் தவறிக் கேட்டுட்டேன். விடும்மா" என்று அசடு வழிந்தார்.

அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்றிலிருந்து இறுகிக்கிடந்த வீட்டில் அப்போதுதான் காற்று வந்தது. மச்சினன் ஒரு இனிப்புப் பெட்டியைப் பிரித்து நீட்டினான். எம்.எல்.ஏ. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பழைய தோரணைக்குத் திரும்பினார்.

"இருந்தாலும் ஒரு பொத்தானை அமுக்க இவ்வளவு நேரமாடி? நான் போன வேகத்துல திரும்பி வந்தேன் பாத்தியா?"

"அதானே, எப்படி மாமா?" என்றான் மச்சினன்.

எம்.எல்.ஏ. பெருமையாக ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார்.

"எத்தனை வருஷப் பழக்கம்! கண்ணை மூடிக்கிட்டு, குடையில ஒரே அமுக்கு!"