இரண்டு விரல் இடம்

"இடுப்புல இன்னும் ரெண்டு விரல் இடம் விடு, காஞ்சா" என்றாள் தொமித்திலா.

தையல்காரி காஞ்சா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "அக்கா, இது மூணாவது தடவை. பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு விழாவா, இல்ல பாவாடைக்குள்ள இன்னொருத்தியையும் குடிவைக்கப் போறியா?"

மகள் நெரெய்தா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் அடுக்கடுக்காய்ச் சுருக்கு வைத்த கவுன். தோள் வழிந்தது. அடிப்பக்கம் தரையைப் பெருக்கியது. வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். பையன்கள் வைத்த பெயர் கொண்டைக்கடலை. சனிக்கிழமை விழாவிலாவது ஊர் தன்னை நிமிர்ந்து பார்க்கும் என்று ஒரு வருஷமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"யாரோடதையோ இரவல் வாங்கின மாதிரி இருக்கும்மா. அப்பாகூட ஆடும்போது மிதிச்சு விழுந்துட்டா?"

"விழமாட்டே. வளருற பொண்ணு."

"சனிக்கிழமைக்குள்ளயா?" என்றாள் காஞ்சா.

தொமித்திலா சிரிக்கவில்லை. விழாவன்று மாதா கோவிலிலிருந்து திரும்பியதும் அப்பா மண்டியிட்டு மாட்டிவிடப் போகிற குதிகால் செருப்பும் ஓர் அளவு பெரிதாகத்தான் வந்திருந்தது. நுனியில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எந்தப் பிறந்தநாளுக்கும் இதே கதைதான். துணி பெரிதாக இருக்கும். கேக்கில் முதல் துண்டை வெட்டி, யாரையும் தொடவிடாமல், மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிடுவாள்.

பூசைக்கு வேண்டிய ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. "அதை நானே வாங்கிக்கறேன்" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. வியாழக்கிழமை அவள் அண்டா நிறைய மிளகாயை வறுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நெரெய்தா கோவிலுக்கு ஓடினாள். அம்மாவுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமே!

கோவில் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஹசிந்தோ தடித்த ஞானஸ்நானப் பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்தார்.

"வா மகாராணி! உன் வீட்டு வான்கோழிக் குழம்புக்காக நான் இன்னிலேருந்தே பட்டினி. பிறந்த தேதி சொல்லு."

"அறுபத்தொன்பது, மார்ச் ஒன்பது."

பக்கங்கள் புரண்டன. அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது நீ இல்லம்மா."

"ஏன்? எங்கப்பா பேர், அம்மா பேர் எல்லாம் சரியா இருக்கே? நெரெய்தான்னும் போட்டிருக்கே?"

"போட்டிருக்கு. ஓரத்துல சிலுவையும் போட்டிருக்கு பார். இந்தக் குழந்தை அஞ்சு மாசத்துல இறந்துபோச்சு."

ஹசிந்தோ மேலும் சில பக்கங்களைப் புரட்டினார்.

"இதோ. அதே அப்பா, அதே அம்மா, அதே பேர். எழுபத்தொண்ணு, பிப்ரவரி. இதுதான் நீ."

சுவரில் எண்பத்துநாலாம் வருஷத்துக் காலண்டர் தொங்கியது. நெரெய்தா விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இரண்டு முறையும் பதின்மூன்றுதான் வந்தது.

"நெரெய்தா!"

வாசலில் அம்மா. ஓடிவந்த மூச்சிரைப்பு, கையில் மிளகாய்க் கரண்டி. திறந்திருந்த ஏட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, யாரும்மா இது?"

"உன் அக்கா."

"அவ செத்துப்போயிட்டாளா?"

"கோவில்ல எழுதிட்டாங்க. சர்க்கார்ல நான் எழுதவிடலை. எழுதினாத்தானே செத்ததா ஆகும்? அவ பேரும் இருந்தது, பொறந்த பேப்பரும் இருந்தது. நீ வந்து பொறந்தே, அதையே உனக்கு வெச்சுட்டேன்."

ஹசிந்தோ ஏட்டை மெதுவாக மூடினார்.

"எனக்குப் பதிமூணுதானேம்மா ஆகுது? இது தெரிஞ்சும் எனக்கு எதுக்கு விழா?" நெரெய்தாவின் குரல் கிறீச்சிட்டது. "ஊரெல்லாம் சிரிக்கும். விழாவும் வேணாம், அந்தத் தொளதொளக் கவுனும் வேணாம்! ஒரு துணியாவது என் அளவுக்குத் தைக்கவிட்டியா நீ?"

தொமித்திலா அருகில் வந்தாள். மகளின் தோளை இரண்டு கைகளாலும் பிடித்து, அதற்கும் வெளியே இரண்டு விரல் தள்ளி, காற்றில் அளந்தாள்.

"உனக்குப் பதினஞ்சு வர இன்னும் ரெண்டு வருஷம் இருக்குடி, கண்ணு" என்றாள் மெதுவாக. "சனிக்கிழமை விழா அவளுக்கு. உன் அளவுக்குத் தைச்சா அவளுக்கு எப்படிடி பத்தும்?"