தேறமாட்டார்

உள்விளையாட்டரங்கில் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை அளக்கும் கைப்பட்டை கட்டியாக வேண்டும். தேறமாட்டார் என்று கண்டால் அது சிவந்துவிடும். மறுநாள் அவருக்கு அரங்கின் கதவு திறக்காது.

தபால்காரி மும்தாஜ் நாற்பத்தாறு வயதில் ஷட்டில் பழக வந்தாள். எட்டாம் நாள் அவளுடைய பட்டை சிவந்தது. மட்டையை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கக்கா போறீங்க?" என்றாள் பயிற்சியாளர் ஹெப்சிபா.

"நான் தேறமாட்டேனாம் மேடம்."

"நேத்து ஆடும்போது அப்படிச் சிரிச்சீங்களே, அது இந்தப் பட்டைக்குத் தெரியுமா? நில்லுங்க."

அரங்கின் மேலாளர் குறுக்கே வந்தார். "இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா உங்க உரிமம் போயிடும்."

"போகட்டும் சார்."

மறுநாள் காலை ஹெப்சிபா வாசலுக்கு வெளியே, இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே வலை கட்டினாள். சிவப்புப் பட்டைக்காரர்கள் பதினேழு பேர் வந்தார்கள். மும்தாஜ் அடித்த முதல் பந்து வலையிலேயே விழுந்தது.

"இன்னொண்ணு போடுங்க மேடம்" என்றாள்.