ஓட்டையில்லாத இலைகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எலுமிச்சைச் செடியின் முன்னால் உட்கார்ந்து, மங்கிய மாலை வெயிலில் ஒவ்வோர் இலையாகப் புரட்டுகிறாள். எல்லாம் புதிதாய்த் துளிர்த்தவை, ஓட்டையில்லாமல் பளபளக்கின்றன. போகும்போது இதில் பச்சைப் புழுக்கள் மொய்த்திருந்தன. அதுகளுக்கு இறக்கை முளைப்பதைப் பார்க்கத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு தினமும் மருந்தடிச்சேன். ஒத்தப் புழு தப்பலையே!" என்று புருஷன் தெளிப்பானை ஆட்டிக் காட்டுகிறார். முகத்தில் அத்தனை பெருமை. காம்பில் கறுத்துத் தொங்கும் ஒரேயொரு புழுக்கூட்டை உள்ளங்கையால் மறைத்தபடி, "நல்லா பாத்துக்கிட்டீங்க" என்கிறாள். அப்போது கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று முட்டையிட அந்த இலைகளைத் தேடி இறங்குகிறது. ஊசி குத்தி வீங்கிய கையை வீசி, "இங்க வேணாம், போ" என்று அதை விரட்டுகிறாள். "அப்படிப் போடு!" என்று சிரிக்கிறார் அவர்.