காரில் பூட்டிய ஜோடி

“காரை நேர்ல காட்டாம பாலிசி போட முடியாதுங்க. பழசு காலாவதியாகி நாலு வருஷமாச்சே” என்று கையை விரித்துவிட்டார் புதுக்கோட்டை இன்சூரன்ஸ் ஏஜென்ட் அருணா.

எப்படிக் காட்டுவது? இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி இரண்டாவது முறையாகப் பிடிபட்டதில் ரத்தினவேலின் லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு சஸ்பெண்ட். வேறு டிரைவரைக் கூப்பிட்டால், “பிடிச்சா என் லைசென்ஸும்ல போகும்” என்று ஓட்டமெடுக்கிறான்.

வெள்ளிக்கிழமை மகள் வைஷ்ணவிக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைத் தங்கள் ஊரான வல்லத்திராக்கோட்டைக்கு அழைத்து வர வேண்டும். அன்றைக்கு மட்டும் வந்து காரை ஓட்ட மருமகன் தயார். மகள்தான், “இன்சூரன்ஸ் போடாம அந்தக் கார்ல ஏற மாட்டேன்ப்பா” என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கடைசியில் மாட்டைப் பூட்டி இழுத்துப் போவது என்று முடிவானது.

அதிலும் ஒரு வில்லங்கம். ஜோடியில் ஒரு மாடுதான் இவரிடம். இன்னொன்று தம்பி தமிழ்செல்வன் வீட்டில். எட்டு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்தபோது மாட்டையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட மகானுபாவர்கள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. போதாததற்கு, யாரோ போன் போட்டுத்தான் காரைப் போலீஸ் பிடித்தது. அந்த யாரோ தம்பிதான் என்று ரத்தினவேல் தெருவெல்லாம் ஏசிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. தம்பி வாசலுக்குப் போய், அங்கே கட்டியிருந்த மாட்டிடம் பேசினார்.

“நாளைக்கு ஒன்னையக் கார்ல பூட்டணும். காட்டிக்கொடுத்த ஒன் மொதலாளிகிட்ட கேட்டுச் சொல்லு.”

தமிழ்செல்வனும் மாட்டிடமே சொன்னான். “ஆமா, நான்தான் போன் போட்டேன்னு சொல்லு. காலையில ஒன்னையக் கூட்டிக்கிட்டு வாரேன்னும் சொல்லு.”

மறுநாள் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் இரண்டு மாடு. கயிறு பிடித்துத் தம்பி. உள்ளே உட்கார்ந்தால் ஓட்டியதாகிவிடுமே என்று பயந்த ரத்தினவேல், காரை ஒட்டி நடந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். பின்சீட்டில் ஆர்.சி. புத்தகத்தோடு மனைவி செங்கமலம்.

டவுனுக்குள் நுழையும்போது பெண் ஏட்டு ஒருவர் கை காட்டினார்.

“இன்சூரன்ஸ் இருக்கா?”

“அதைப் போடத்தான் போறோங்க மேடம்.”

“அது இல்லாம வண்டி ரோட்டுக்கே வரக் கூடாது.”

“ரோட்டுக்கு வராமப் போட மாட்டேங்கிறாங்களே!”

ஏட்டு மாடுகளைப் பார்த்தார். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று அவருக்கே பிடிபடவில்லை.

“டிரைவர் யாரு?”

“யாருமில்லீங்க. மாடுதான்.”

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் ரத்தினவேல் கேட்டார். “போன மாசம் என்னையப் பிடிச்சதும் நீங்கதானே மேடம்? போன் போட்டது இந்தா நிக்கிறானே, இவன்தானே?”

“இவரா? என்கிட்டப் பேசினது ஒரு அம்மா. ‘மாசமா இருக்க பொண்ணு ஏறப்போற வண்டிங்க, நாலு வருஷமாச் சொல்லியும் கேக்க மாட்டேங்கிறாரு, நீங்களாவது பிடிங்க’ன்னு ஒரே அழுகை.”

பின்சீட்டில் செங்கமலம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரத்தினவேலின் கை ஸ்டியரிங்கை விட்டது. எட்டு வருஷத்தில் முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“அப்பறம் ஏன்டா நான்தான்னு ஒத்துக்கிட்டே?”

“என்கிட்டதான் நீங்க பேசுறதில்லை. மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. மதினிகிட்டயும் பேச்சை நிறுத்திட்டீங்கன்னா, அப்பறம் ஒங்களுக்குப் பேச யாருண்ணே இருக்கா?”